தொற்றாத நோய்க்குத் தனிப் பேணி

வாட்டுக்கு ஒரு புது நோயாளி வந்து கட்டிலில் ஏறியதும், கூட வந்தவர்களில் ஒருவர் மெல்ல வெளியே நழுவி வந்து உங்களைத் தேடுவார். மகளாக இருக்கலாம், மருமகனாக இருக்கலாம், கொழும்பிலிருந்து வந்த தம்பியாகவும் இருக்கலாம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மிஸ்ஸி, அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்பார். புற்றுநோய் வாட்டில் நான் தாதியாக வேலை செய்த காலம் முழுக்க இந்த வசனத்தைக் கேட்டிருக்கிறேன். நீங்களும் கடமைக்கு வந்த முதல் கிழமையே கேட்டிருப்பீர்கள். சரி என்று தலையாட்டிவிட்டு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருப்பீர்கள்.

உங்கள் தாதியர் மலருக்கு ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊசி போடுவதையும் சேலைன் ஏற்றுவதையும் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அதெல்லாம் என்னைவிட நீங்கள் நன்றாகச் செய்வீர்கள். இப்போது நெல்லியடியில் வீட்டிலிருந்து தைக்கிற ஊசிக்கு நூல் கோர்க்கவே எனக்கு ஆள் தேவைப்படுகிறது. நான் எழுதப்போவது அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான்.

எங்கள் சனத்துக்கு அந்த நோயின் பெயரை வாயில் எடுக்க விருப்பமில்லை. 'உந்த வருத்தம்' என்பார்கள். கட்டி என்பார்கள், புண் என்பார்கள், ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் விரிப்பார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. கோபத்தைக் காட்டவும் முடியாது, ஏனென்றால் யாரும் கெட்ட எண்ணத்தில் மறைப்பதில்லை. அன்பினால் ஒருவர் செய்கிற காரியத்தைக் கண்டிப்பதைப் போலக் கஷ்டமான வேலை எங்கள் உத்தியோகத்தில் வேறில்லை.

மரியதாஸ் குருநகரைச் சேர்ந்தவர். மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போகத் தொடங்கிய மனிதர். கடலில் நித்திரை வராமலிருக்க வெற்றிலையும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்து வலது கன்னத்துக்குள் அடக்கி வைத்திருப்பாராம். கரைக்கு வந்த பிறகும் அது அங்கேயே இருக்கும். அந்தக் கன்னத்தின் உட்பக்கத்தில் ஆறாத புண்ணொன்று வந்து, அது தடித்து, வாயைத் திறக்க முடியாமல் போன பிறகுதான் எங்களிடம் வந்தார். கூட வந்தவர் மனைவி றோசம்மா. ஒரே மகள் ஜெனிற்றா கனடாவில் இருந்தாள். வாட்டு வாசலில் வைத்து றோசம்மா என் கையைப் பிடித்தார்.

"மிஸ்ஸி, இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. மகளும் சொல்ல வேண்டாமாம்."

நான் தலையாட்டினேன்.

கதிர்வீச்சுக் கொடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து ஏற்றினால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழுந்துவிடும், சின்னச் சளித் தடிமன் கூட ஆளைச் சாய்த்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் எல்லா நோயாளிக்கும் ஒரே பாடத்தை ஒப்பிப்போம். சனக்கூட்டத்துக்குள்ளை போகாதேங்கோ, உங்களுக்கெண்டு தனிப் பேணி வைச்சிருங்கோ, கிருமி தொத்தும். நூறு தடவை சொல்லி நூறு தடவையும் காற்றில் போகிற பாடம் அது. மரியதாஸ் ஒருவர்தான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தண்ணீர் குடிக்கும் பேணியைத் தானே கழுவி, தன்னுடைய துவாயால் மூடி வைப்பார். பக்கத்துக் கட்டில்காரரின் பேரப்பிள்ளைகள் வந்தால் எழுந்து விறாந்தையின் மறுகோடிக்குப் போய்விடுவார். உவரைப் பார்த்துப் பழகுங்கோ என்று மற்ற நோயாளிகளிடம் அவரை உதாரணம் காட்டியிருக்கிறேன். அவரும் அதற்குச் சிரிக்க மாட்டார்.

அந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு ஜெனிற்றா கைக்குழந்தையோடு வந்து போனதாக அறிந்தேன். பிறகு தபசுகாலம் வந்தது, உயிர்த்த ஞாயிறும் முடிந்தது. கன்னத்தில் அடங்கியிருந்தது திரும்பத் தலைகாட்டியதால் மரியதாசை மறுபடியும் வாட்டில் சேர்த்தோம். சேர்த்த சில நாளில், காலைச் சுற்று முடிந்த நேரம், விறாந்தையில் போட்டிருந்த வாங்கில் றோசம்மா தனியாகக் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தார். நான் போய் அருகில் இருந்தேன்.

"என்னோடை இருக்க விருப்பமில்லையாம் மிஸ்ஸி. கன்னியாஸ்திரிமார் நடத்துற மடத்திலை கொண்டுபோய் விடச் சொல்லி டொக்டரிட்டைக் கேட்டிருக்கிறார். வீட்டை மட்டும் அனுப்ப வேண்டாமாம்."

"வீட்டிலை ஏதும் சண்டையோ?"

"ஒரு சண்டையுமில்லை. வருத்தம் வந்ததிலையிருந்து ஆள் ஒரு மாதிரி. வலை வைக்கிற அறைக்குள்ளைதான் படுக்கிறார். சாப்பிட்ட கோப்பையைக் கழுவத் தாறாரில்லை, உடுப்பைத் தோய்க்கத் தாறாரில்லை. நான் கிட்டப் போனால் முகத்தை அங்காலை திருப்பிப்போடுவார். இவ்வளவு காலம் குடும்பம் நடத்தி, என்னைக் கண்டால் அருவருக்கிற அளவுக்கு நான் என்ன செய்தனான் எண்டு தெரியேல்லை."

கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்திவிட்டு, நத்தாரைப் பற்றிச் சொன்னார். ஜெனிற்றா அளவெட்டியைச் சேர்ந்த சைவப் பையன் ஒருவனைக் காதலித்துக் கட்டியவள். தகப்பன் கலியாணத்துக்குப் போகவில்லை. பிறகு கோபம் ஆறி, தொலைபேசியில் கதைக்கத் தொடங்கியிருந்தார். குழந்தையைக் கொண்டுவந்து காட்டினால் மிச்சமும் சரியாகிவிடும் என்று நம்பித்தான் அவள் அத்தனை தூரம் வந்தாள்.

"பிள்ளை அப்ப ஆரிட்டையும் போகும் மிஸ்ஸி. கையை நீட்டினால் தாவி வரும். அவரிட்டையும் கையை நீட்டிக்கொண்டு போனது. அவர் எழும்பிப் படலைக்கு வெளியிலை போயிட்டார். ஜெனிற்றா நிண்ட நாள் முழுக்க ஒருக்காக்கூடத் தூக்கேல்லை. வெளிக்கிடுற அண்டைக்கும் முற்றத்திலை நிண்டு கையைக் காட்டினவர். 'அப்பா என்னை மன்னிக்கேல்லை, என்ரை பிள்ளையையும் தொடமாட்டார்' எண்டு அழுதுகொண்டுதான் அவள் வானிலை ஏறினவள்."

நோய் சிலரின் குணத்தை மாற்றிவிடும். வலியில் கொடூரமாகிப் போன நல்ல மனிதர்களை நான் கண்டிருக்கிறேன். அப்படி ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயெடுத்தபோது அவர் தொடர்ந்தார்.

"ஆண்டவரோடையும் கோவிச்சிட்டார். பெரிய வெள்ளியண்டு சிலுவை முத்தி செய்ய வரேல்லை. சின்னனிலையிருந்து ஒரு வருசமும் விடாத மனுசன். கோயிலுக்குள்ளை வந்தவர், பின்னுக்குச் சுவரோடை நிண்டிட்டுத் திரும்பிட்டார்."

நான் மெதடிஸ்ற் குடும்பத்தில் வளர்ந்தவள். எங்கள் கோயிலிலும் சிலுவை உண்டு, ஆனால் முத்தி செய்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. பேச்சைத் தொடர்வதற்காகத்தான் அதை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன்.

"பாதர் சிலுவையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பார். சனம் வரிசையாப் போய் ஆண்டவற்றை பாதத்திலை வாய் வைக்கும். பக்கத்திலை ஒருத்தர் துணியாலை துடைப்பார், அடுத்த ஆள் வருவினம்."

"எல்லாரும் ஒரே இடத்திலையோ?"

"ஒரே இடத்திலைதான்."

சனம் வாய் வைக்கிற இடத்தில் வாய் வைக்காமல் திரும்பிய ஒரு மனிதரும், கழுவி மூடி வைத்த பேணியும், விறாந்தையின் மறுகோடியும் எனக்கு அந்த வாங்கில்தான் ஒன்றாகத் தெரிந்தன.

"றோசம்மா, இது என்ன வருத்தமெண்டு அவருக்குச் சொல்லி வைச்சிருக்கிறியள்?"

"கிருமி எண்டு."

"ஆர் சொன்னது?"

"ஜெனிற்றாதான் போனிலை சொன்னவள். 'அப்பா, இது வாய்க்குள்ளை ஒரு கிருமி, லைற் பிடிச்சு மருந்து ஏத்தினால் அது செத்துப்போகும், பயப்பிடாதேங்கோ' எண்டு. கிருமியெண்டால் மருந்து இருக்குத்தானே எண்டு தெம்பா இருப்பார் எண்டு நினைச்சம்." அப்படிச் சொல்லிக்கொண்டு வரும்போதே அவர் முகம் மாறியது. "ஐயோ மிஸ்ஸி. அவரின்ரை தேப்பனுக்குக் கசம். பின்வளவிலை கொட்டில் போட்டுத் தனியாத்தான் வைச்சிருந்தவை. தனிக் கோப்பை, தனிப் பேணி. பிள்ளையளைக் கிட்டவும் விடாயினமாம்."

கசம் என்றால் காசநோய். அந்த வீட்டில் வளர்ந்த மனிதரிடம்தான், உனக்குக் கிருமி என்று வீட்டார் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் நாங்களும் எங்கள் பங்குக்குத் தனிப் பேணியும் சனக்கூட்டமும் என்று ஒப்பித்திருந்தோம். அவரைக் காப்பாற்றுவதற்காக நாங்கள் சொன்னதை, மற்றவர்களை அவரிடமிருந்து காப்பாற்றச் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். அருவருப்பும் இல்லை, கோபமும் இல்லை. அந்த மனிதர் மாதக்கணக்காகத் தன் வீட்டைத் தன்னிடமிருந்து பாதுகாத்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஓடிப்போய் அவரிடம் இது தொற்றாது என்று சொல்லலாம். அப்படியானால் இது என்ன என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வியாக இருக்கும். அதற்கு வாய் திறக்கக்கூடாது என்றுதான் வீட்டார் கேட்டிருக்கிறார்கள். டொக்டரைத் தாண்டித் தாதி நோயின் பெயரைச் சொல்கிற வழக்கமும் இல்லை. அன்றைக்கே மடத்துக்கு அனுப்பும் கடிதத்தில் டொக்டர் கையெழுத்துப் போடவிருந்தார். நான் முதலில் போய் அந்தக் கடிதத்தை நிறுத்திவைக்கச் சொன்னேன். டொக்டர் வயதில் குறைந்த பிள்ளை, ஆனால் விஷயத்தைக் கேட்டதும் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். "வீட்டாக்கள் ஓமெண்டால் நான் வந்து சொல்லுறன் மிஸ்ஸி" என்றார்.

றோசம்மா தனியாக முடிவெடுக்கப் பயந்தார். மகளைக் கேட்காமல் முடியாது என்றார். கனடாவில் அப்போது இரவு. தொலைபேசியில் ஜெனிற்றாவின் முகம் வந்தது, பின்னால் தொட்டிலில் குழந்தை நித்திரை. நான் விஷயத்தைத் தொடங்க முன்பே அவள் மறித்தாள்.

"சொல்ல வேண்டாம் மிஸ்ஸி. பெரியப்பாவுக்கும் இதுதான் வந்தது. டொக்டர் முகத்துக்கு நேரை சொன்ன அண்டைக்கே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், பிறகு ஒரு வாய் சாப்பிடேல்லை. அப்பாவையும் அப்பிடிப் பாக்க என்னாலை ஏலாது."

அவள் சொன்னதில் பொய்யில்லை. அப்படித் திரும்பிப் படுத்தவர்கள் எங்கள் வாட்டிலும் உண்டு. மறுத்துப் பேசாமல் ஒரு கேள்வியைத்தான் கேட்டேன்.

"பிள்ளை, அப்பா உங்கடை குழந்தையை ஏன் தூக்கேல்லை?"

"அது எனக்குத் தெரியும்தானே மிஸ்ஸி. நான் ஆரைக் கட்டினனான் எண்டு..."

"அதில்லை. உங்கடை பிள்ளைக்குக் கிருமி தொத்திப்போடும் எண்டு."

தொலைபேசி கையிலிருந்து சரிந்திருக்க வேண்டும், முகம் போய்க் கூரை தெரிந்தது. அழுகிற சத்தம் மட்டும் வந்தது. றோசம்மா இங்கிருந்து "அழாதையடி பிள்ளை, அழாதை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் கூரையிலிருந்து, "சொல்லுங்கோ மிஸ்ஸி" என்ற குரல் வந்தது. அவள் வேண்டாம் என்றே நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

டொக்டர் வந்து கட்டிலருகே கதிரையைப் போட்டு இருந்தார். மரியதாசின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, உங்கடை வருத்தத்தைப் பற்றி ஒரு உண்மை சொல்லவேணும். இது புற்றுநோய்" என்றார். மரியதாஸ் அவரை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அது தெரியும் டொக்டர். ஆசுப்பத்திரிக் கேற்றிலை பெரிசா எழுதியிருக்கு. எனக்கு வாசிக்கத் தெரியும்."

"தெரியுமோ?"

"வந்த அண்டைக்கே தெரியும். கான்சர்க் கிருமி. உந்தக் கிருமி பொல்லாதது, பிள்ளையளுக்குத் தொத்தினால் தாங்காயினம். அதுதானே மடத்துக்கு விடச் சொல்லிக் கேட்டனான்."

வீட்டார் எதை மறைத்தார்களோ அதை அவர் முதல் நாளே வாசித்துவிட்டார். அவர்கள் எதை இட்டுக்கட்டிச் சொன்னார்களோ அதை மட்டும் நம்பினார். என் உத்தியோக காலத்தில் எத்தனையோ மரணங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிடத்தில் வந்த துக்கம் வேறு மாதிரியானது, அதை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

டொக்டரை வேறு கட்டிலுக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். போகும்போது என்னைப் பார்த்துவிட்டுப் போனார். இனி விளங்கப்படுத்துவது என் பாடு. எங்கள் வாட்டில் ஒருமுறை பெரிய டொக்டர் ஒருவர் வெள்ளைப் பலகையில் வட்டம் வட்டமாகக் கீறி, கலப்பிரிவைப் பற்றி நீளமாக வகுப்பெடுத்தார். எல்லாரும் ஒழுங்காகத் தலையாட்டினார்கள். முடிந்ததும் ஒருவர் எழும்பி, "அப்ப டொக்டர், கணவாய்க் கறி சாப்பிடலாமோ?" என்று கேட்டார். அதனால் பலகையும் வட்டமும் எனக்கு வேண்டாம் என்று இருந்தது. மரியதாசின் கை என் முன்னால் போர்வையில் கிடந்தது. தூண்டில் நூல் அறுத்த பழைய தழும்புகள் உள்ளங்கை முழுக்க இருந்தன.

"இது எப்ப வெட்டினது?"

"கனகாலம். சுறா இழுத்தது."

"எப்பிடி மூடினது?"

"தானா மூடினது."

"தானா இல்லை ஐயா. எங்கடை தோலும் சதையும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கலங்களாலை கட்டினது. வெட்டுப்பட்டால் ஓரத்திலை இருக்கிற கலம் ஒண்டு ரெண்டாப் பிரியும், ரெண்டு நாலாகும், அப்பிடிப் பெருகிப் பெருகித்தான் இந்த வெட்டை மூடினது. மூடின உடனை என்ன செய்தது?"

அவர் தழும்பைப் பார்த்தார். "நிண்டிட்டுது."

"ஓம். போதும் எண்டு ஒரு கட்டளை அதுக்குள்ளையே இருக்கு. அதைக் கேட்டு நிண்டிட்டுது. நிக்காமல் பெருகிக்கொண்டே இருந்திருந்தால்?"

"கையிலை ஒரு கட்டி வந்திருக்கும்."

"அதுதான் உங்கடை கன்னத்துக்குள்ளை நடந்தது. புகையிலையும் சுண்ணாம்பும் ஒரே இடத்தைக் கனகாலமாப் புண்ணாக்கிக்கொண்டிருந்தது. உடம்பு விடாமல் அந்த இடத்தை மூடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருக்காப் பிரியேக்கையும் கலம் தன்னிலை இருக்கிறதை அப்பிடியே பாத்து எழுதவேணும். இவ்வளவு தரம் எழுதினால் பிழை வரும்தானே. ஒரு பிழை, ரெண்டு பிழை எண்டு சேர்ந்து, நில் எண்ட கட்டளையே கேக்காத கலம் ஒண்டு வந்திட்டுது. அதுவும் கேக்காது, அதிலையிருந்து பிரிஞ்ச பிள்ளையளும் கேக்காது. அவ்வளவுதான் இந்த வருத்தம். கிருமி எண்டால் வெளியிலையிருந்து வரவேணும். இது வெளியிலையிருந்து வந்ததில்லை, உங்கடை சொந்தக் கலம்."

அவர் தழும்பை மற்றக் கையால் தடவிப் பார்த்தார்.

"அப்ப இது மற்ற ஆளுக்குப் போகாதோ?"

"போகாது. இன்னொருத்தற்றை உடம்பிலை இது தங்காது."

"ஒரே பேணியிலை குடிச்சால்?"

"போகாது."

"முத்தம் குடுத்தால்?"

"அதாலையும் போகாது ஐயா."

தனக்கு இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்பார் என நினைத்து அதற்கு மறுமொழி தேடிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. யாருக்கும் சொல்லாதது போல மெல்ல, "அப்ப தூக்கியிருக்கலாம்" என்றார்.

நான் லேசில் அழுவதில்லை. வாட்டில் அழுதால் வேலை நடக்காது என்று உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். அன்றைக்கு அந்தக் கட்டிலருகே நின்று அழுதேன், அவர்தான் என்னை இருக்கச் சொன்னார். பிறகு றோசம்மாவைக் கூப்பிட்டேன். அவர் தயங்கித் தயங்கி வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மரியதாஸ் கொஞ்சம் நகர்ந்து, "இதிலை இரு" என்றார். இருந்ததும் தன் பேணியை எடுத்து அவரிடம் நீட்டினார். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. றோசம்மா அதைக் குடித்தார்.

இந்தக் கதை இதோடு நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஆனால் நில் என்ற சொல் கேட்காத கலங்கள், நாங்கள் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளும் வரை காத்திருப்பதில்லை. நாங்கள் மறைத்த மாதங்களில் அவை ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிக்கொண்டே இருந்தன. அதற்குப் பிறகு ஏற்றிய மருந்து அவரிடம் எடுபடவில்லை. கட்டி கன்னத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பாதி முகத்தை மூடிக் கட்டுப் போட்டோம். அவர் வீட்டிலிருந்து வந்து போனார், வலை அறையிலிருந்து தன் படுக்கையைப் பழைய இடத்துக்கு எடுத்துவிட்டதாக றோசம்மா சொன்னார். பின்னேரங்களில் தொலைபேசியில் பேத்தியைப் பார்ப்பார், கட்டுப் போட்ட பக்கம் தெரியாமல் தலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு.

ஜெனிற்றா வேலையில் லீவு எடுத்து, மாரி மழை தொடங்கிய நாட்களில் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். அப்போது அவர் மறுபடியும் எங்கள் வாட்டில். அந்தக் கட்டிலில் இருந்து இனி எழும்ப மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த நாளைச் சொல்வதற்கு முன், உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்குச் சொல்ல வராது. யாராவது உங்கள் கையைப் பிடித்து, அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ என்று கேட்டால், சண்டை பிடிக்காதீர்கள். புத்தி சொல்லவும் போகாதீர்கள். அப்படியென்றால் அவருக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள். மறைத்த உண்மையை நோயாளி எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். அதன் இடத்தில் வைத்த பொய்யோடுதான் அவர் தனியாகக் கிடந்து உழல்வார்.

ஜெனிற்றா வந்தது ஒரு மத்தியானம். நத்தாரில் யார் கை நீட்டினாலும் தாவிய குழந்தை இப்போது நடக்கத் தொடங்கியிருந்தது, ஆளறிந்து பயப்படுகிற வயது. வாட்டு வாசலிலேயே தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கட்டிலருகே வந்து அந்தக் கட்டுப் போட்ட முகத்தைக் கண்டதும் வீரிட்டு அழுதது. மரியதாஸ் இரண்டு கையையும் நீட்டியிருந்தார். குழந்தை தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக் கால்களை உதைத்தது. ஜெனிற்றா, "என்ரை குஞ்சு, தாத்தாவடா, தாத்தா" என்று கெஞ்சக் கெஞ்ச அது இன்னும் உரக்க அழுதது. அவர் கையை மடக்கிக்கொண்டார். துவாயை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, "பயப்பிடுத்தாதை, வெளியிலை கொண்டு போ" என்றார். அப்போது அவருடைய பேச்சு பாதிதான் விளங்கும். ஆனால் அது எல்லாருக்கும் விளங்கியது.

ஜெனிற்றா விறாந்தையில் குழந்தையை உலாத்தி உலாத்தி நித்திரையாக்கினாள். நன்றாக உறங்கியதும் அவளாகவே திரும்பி வந்து, ஒன்றும் கேட்காமல், குழந்தையைத் தகப்பனின் இடது கையில் கிடத்தினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்ல, மிக மெல்ல விட்டார். துவாயைப் பாதி விலக்கி, கட்டுப் போடாத கன்னத்தைக் குழந்தையின் தலையோடு சேர்த்து வைத்தார். றோசம்மா குழந்தையின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டு மாற்றும் நேரமென்று நான் தட்டத்தோடு போனேன். அவர் கண்ணால் பொறுக்கச் சொன்னார், நான் தட்டத்தை வைத்துவிட்டு யன்னலருகே நின்றேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கை மரத்திருக்கும், அவர் அசைக்கவில்லை. குழந்தையின் இமை லேசாகத் துடித்தது. அதை எங்களில் யாரும் காணவில்லை, அவர் கண்டார்.

"எழும்பப் போறாள். எடு பிள்ளை."

"இருக்கட்டும் அப்பா, எழும்பினால் பழகிடுவாள்."

"வேண்டாம். எழும்பேக்கை என்ரை முகத்தைப் பாக்க வேண்டாம். கெதியா எடு."

ஜெனிற்றா எடுத்துத் தோளில் போட்டாள். குழந்தை கண்ணைத் திறந்து, தாயைப் பார்த்துச் சிரித்தது. தான் எங்கே உறங்கியது என்று அதற்குத் தெரியாது. மரியதாஸ் துவாயை முகத்திலிருந்து எடுத்துவிட்டு, இனிக் கட்டை மாற்றலாம் என்று எனக்குக் கையைக் காட்டினார்.